கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான்

சுத்தியலின் தலை கழன்று பறக்கும் நாளில்தான், தலை வேறு பிடி வேறு என்னும் உண்மை தொழிலாளியின் நினைவுக்கு வருகிறது. அதுவரை இரண்டும் அவருக்கு ஒன்றே. கருவிகளைப் பற்றி எழுதியோரும் பெரும்பாலும் அவற்றின் கூர்முனையைப் பற்றியே எழுதினர். கருவி வெட்டியதையும் பிளந்ததையும் கட்டியதையும் பாராட்டினர். தலையும் பிடியும் சேரும் இடத்தைப் பற்றியோ, அந்தச் சேர்க்கையை வேண்டும்போது பிரிக்கும் வழியைப் பற்றியோ எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலர். ஆயினும் அந்த இணைப்பிடத்துக்கும் நெடிய வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் பிற்பகுதியில் பதினெட்டு வயது நிரம்பிய கடை ஊழியர் ஒருவரும், அமெரிக்காவின் மிகப் பெரிய வணிக நிறுவனங்களுள் ஒன்றும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கும் காட்சியும் உண்டு.

பிடி செய்யும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் இரண்டு கட்டளைகள் இடப்படுகின்றன. வேலை நடக்கும்போது தலை இம்மியும் அசையக்கூடாது என்பது முதற்கட்டளை. வேண்டியபோது தலை எளிதில் கழன்று வரவேண்டும் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையானவை. இறுகப் பிடித்தால் கழற்ற இயலாது; எளிதில் கழன்றால் வேலையின் நடுவே நழுவும். இந்தப் பகையைத் தீர்க்க மனித இனம் எடுத்துக்கொண்ட முயற்சிகளே இணைப்பிடத்தின் வரலாறு.

1853-54 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரியில் நீர்மட்டம் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்தது. ஓபர்மைலன் என்னும் ஊரின் கரையோரச் சேற்றிலிருந்து மரத்தூண்களும் பானைகளும் கல் கோடரிகளும் வெளிவந்தன. பெர்டினாண்டு கெல்லர் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, அவை புதிய கற்காலக் குடியிருப்புகளின் எச்சங்கள் என உலகுக்கு அறிவித்தார். இத்தகைய ஏரிக்கரைக் குடியிருப்புகளில் கிடைத்த கோடரிகளில் ஒரு சிறப்பு உண்டு. கல் அலகு நேராக மரக்காம்பில் செருகப்படவில்லை. மான்கொம்பின் துண்டு ஒன்றைக் குடைந்து, அதில் கல்லைப் பொருத்தி, அந்தக் கொம்புத் துண்டையே காம்பின் துளையில் செருகியிருந்தனர். மரத்தில் ஓங்கி அடிக்கும்போது எழும் அதிர்ச்சியைக் கொம்பு தாங்கிக்கொள்ளும்; காம்பு பிளவாது. அலகு உடைந்தால் கொம்போடு சேர்த்து அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். நல்ல காம்பு ஒன்றைச் செதுக்குவது எளிய வேலையன்று என்பதை அறிந்தோர் செய்த ஏற்பாடு இது. எழுத்தறியாத மக்கள் என்று இவர்களைத் தாழ்த்தி எண்ணுவோர் அந்தக் கொம்புத் துண்டை ஒருமுறை பார்க்கவேண்டும்.

எல்லோரும் இவ்வழியை மேற்கொள்ளவில்லை. 1991 ஆம் ஆண்டில் ஆஸ்திரியா இத்தாலி எல்லையிலுள்ள ஊட்ஸ்தால் மலைப்பனியில், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்த மனிதர் ஒருவரின் உடல் கிடைத்தது. அவருடைய செப்புக் கோடரி காம்போடு முழுமையாகக் கிடைத்தது பெரும்பேறு. காம்பு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளம், அலகு 9.5 சென்டிமீட்டர். அலகைப் பிளவில் செருகி, பிர்ச் மரத்தின் பட்டையிலிருந்து வடித்த தாரால் ஒட்டி, தோல் வாரால் இறுகச் சுற்றியிருந்தனர். முதற்கட்டளைக்கு முழுப் பணிவு, இரண்டாவதற்கு இடமில்லை. வாரை அறுத்துத் தாரை உருக்கினாலன்றி அந்தத் தலையைப் பிரிக்க முடியாது. பின்னர் வந்த வெண்கலக் காலத்தில் ஐரோப்பியர் அலகின் பின்புறத்தைக் குழாய்போல் வார்த்து, காம்பை அதனுள் செருகினர். அவற்றுள் பலவற்றின் பக்கவாட்டில் சிறு வளையம் ஒன்று காணப்படுகிறது. தலை கழன்று பறக்காமல் கயிற்றால் காம்போடு பிணைப்பதற்கே அவ்வளையம் என்பது அறிஞர் பலரின் கருத்து. அக்காலத்திலேயே தலைகள் பறந்திருக்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மலாய்த் தீபகற்பத்திலும் பேராக், பகாங் பகுதிகளில் பழைய இரும்புக் கருவிகள் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன. காம்பு செருகுவதற்கான துளையோடு கூடிய அந்த விந்தையான இரும்புத் துண்டுகளை என்னவென்று அறியாத மக்கள், குரங்கின் எலும்பு என்று பொருள்படும் 'துலாங் மாவாஸ்' என்னும் பெயரால் அழைத்தனர். கருவி மறைந்து, காம்பு மக்கி, துளை மட்டும் எஞ்சினால் அதன் பொருளும் மறைந்துபோகிறது போலும். இந்த வட்டாரத்தின் கைத்திறனுக்குச் சிறந்த சான்று 'பெலியோங்' என்னும் கோடரி. மலாய்க்காரரும் போர்னியோ மக்களும் பயன்படுத்திய அதன் அலகு, பிரம்பால் பின்னிய கட்டுக்குள் அமர்ந்திருக்கும். அலகை அந்தக் கட்டுக்குள்ளேயே திருப்பி வைத்தால், மரம் வெட்டும் கோடரி மரம் செதுக்கும் வாய்ச்சியாக மாறிவிடும். ஒரு பிடி, ஒரு தலை, இரண்டு கருவி. காட்டுக்குள் நெடுந்தொலைவு நடப்பவனுக்குச் சுமை பாதியாகக் குறைகிறது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தோர் அனைவரும் அறிந்த குந்தாலியில் இப்பகை இன்னும் அழகாகத் தீர்க்கப்பட்டிருக்கிறது. குந்தாலியின் காம்பு ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும் இருக்கும். தலையைச் சிறுத்த முனை வழியே நுழைத்து, பருத்த முனைவரை தள்ளவேண்டும். ஓங்கி வீசும்போது தலை வெளிநோக்கி ஓட முயல்கிறது. ஓட ஓடப் பருத்த முனையில் இறுகுகிறது. வேலையே இணைப்பை இறுக்குகிறது. ஆப்பு வேண்டியதில்லை, ஆணி வேண்டியதில்லை. கழற்ற வேண்டுமானால் காம்பைச் செங்குத்தாகப் பிடித்து, சிறுத்த முனையைத் தரையில் இடித்தால் போதும். தலை நெகிழ்ந்து கீழே இறங்கும். கோடரிக்கும் சுத்தியலுக்கும் இந்த வசதி இல்லை. அவற்றில் தலை முனையிலிருந்து நுழைக்கப்பட்டு ஆப்பால் இறுக்கப்படுகிறது. வெயிலில் காம்பு உலர்ந்து சுருங்கினால் ஆப்பு தளரும். தளர்ந்த கோடரியை வாளித் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் அதனால் வந்தது. அது ஒருநாளைக்குச் சரியாகும் மருந்தே தவிர, நோய் தீர்க்கும் மருந்தன்று.

தச்சருக்கு வேறொரு தேவை இருந்தது. வெவ்வேறு அளவில் துளையிட வெவ்வேறு அலகுகள் வேண்டும். வளைந்த பிடியைச் சுழற்றித் துளையிடும் கருவி ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டில் தோன்றியது. சுமார் 1430 ஆம் ஆண்டில் ராபர்ட் காம்பின் என்னும் ஓவியரின் பட்டறையில் தீட்டப்பட்டு, இன்று நியூயார்க்கில் உள்ள மெரோட் பலிபீட ஓவியத்தில், தச்சராகிய சூசையப்பர் அத்தகைய கருவியால் பலகையில் துளையிடுவதைக் காணலாம். தொடக்கத்தில் ஒவ்வோர் அலகுக்கும் தனித்தனி மரக்கட்டை பொருத்தி, அக்கட்டையைப் பிடியின் வாயில் செருகினர். ஒரு பிடிக்குச் செய்த கட்டை மற்றொரு பிடிக்குச் சேராது. 1864 ஆம் ஆண்டில் வில்லியம் பார்பர் என்னும் அமெரிக்கர் இதற்கு முடிவு கட்டினார். அவர் காப்புரிமை பெற்ற அமைப்பில், திருகிழை கொண்ட உறை ஒன்றைக் கையால் பிடித்துக்கொண்டு பிடியைச் சுழற்றினால், உள்ளிருக்கும் இரு தாடைகள் அலகின் சதுர அடியைக் கவ்விக்கொள்ளும். எதிர்த்திசையில் சுழற்றினால் விட்டுவிடும். பிற்காலத் துரப்பணக் கருவிகளின் 'சக்' என்னும் வாய்க்கு அது முன்னோடிகளுள் ஒன்று.

நட்டும் போல்ட்டும் தொழிலுலகை ஆளத் தொடங்கியபின் இச்சிக்கல் புதிய உருவம் எடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி திருகிழை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு மற்றொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. 1841 ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர் பொது அளவுகளை வகுத்துரைத்தார். அளவுகள் ஒழுங்குபட்டன, ஆனால் அளவுகள் பலவாயின. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு ஸ்பேனர் தேவைப்பட்டது. இந்தச் சுமையைக் குறைக்க இரண்டு வழிகள் தோன்றின. ஒன்று, வாயின் அகலத்தை மாற்றத்தக்க ஸ்பேனர். சுவீடன் நாட்டு ஜோஹான் பெட்டர் ஜோஹான்சன் 1892 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற வடிவமே இன்றும் வீடுகளில் காணப்படுகிறது. அது நல்ல கருவி; ஆயினும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. அதன் வாய் சிறிது தளர்ந்தாலும் நட்டின் மூலைகள் மழுங்கும். வழுக்கினால் விரல் மூட்டுகள் இயந்திரத்தில் மோதும்.

மற்றொரு வழி, பிடியை ஒன்றாக வைத்துத் தலையை மட்டும் மாற்றுவது. நட்டை முழுவதும் மூடிப் பிடிக்கும் கிண்ணம் போன்ற தலைக்குச் சாக்கெட் என்று பெயர். அமெரிக்காவின் வெர்மாண்டு மாநிலத்தில் உட்ஸ்டாக் என்னும் ஊரைச் சேர்ந்த ஜே. ஜே. ரிச்சர்ட்சன், 1863 ஆம் ஆண்டிலேயே மாற்றத்தக்க சாக்கெட்டுகளைக் கொண்ட ராச்சட் ஸ்பேனருக்குக் காப்புரிமை பெற்றார். ராச்சட் என்பது பற்சக்கரமும் அதைத் தடுக்கும் நாவும் கொண்ட அமைப்பு. ஒரு திசையில் பிடி நட்டைத் திருகும். மறுதிசையில் 'கிர்' என்ற ஓசையோடு சும்மா திரும்பும். இடுக்கான இடத்தில் பிடியை எடுத்து எடுத்து மாட்டவேண்டிய தொல்லை இல்லை. எனினும் ரிச்சர்ட்சனின் காலத்தில் அதற்குப் பெரிய தேவை எழவில்லை. மோட்டார் வண்டி வரவேண்டியிருந்தது.

வந்தது. ஹென்றி போர்டின் டி மாடல் வண்டி 1908 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளில் சாலைகளை நிறைத்தது. வண்டிகள் பெருகவே பழுதுபார்க்கும் கடைகள் பெருகின. மில்வாக்கி நகரில் அமெரிக்கன் கிரைண்டர் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் ஜான்சன், 1919 ஆம் ஆண்டில் தம் முதலாளிகளிடம் ஒரு திட்டத்தை எடுத்துரைத்தார். ஒவ்வொரு சாக்கெட்டையும் அதற்கெனத் தனிப்பிடியோடு ஒரே துண்டாகச் செய்வதை விடுத்து, ஐந்து வகைப் பிடிகளும் பத்து அளவுச் சாக்கெட்டுகளும் செய்தால், எந்தச் சாக்கெட்டையும் எந்தப் பிடியிலும் மாட்டலாம். ஐம்பது கருவிகள் செய்யும் வேலையைப் பதினைந்து துண்டுகள் செய்துவிடும். கணக்கறிந்த தொடக்கப்பள்ளி மாணவருக்கும் விளங்கும் இத்திட்டத்தை முதலாளிகள் ஏற்கவில்லை. ஐம்பது கருவி விற்கக்கூடிய இடத்தில் பதினைந்து துண்டுகளை விற்பதா என அவர்கள் எண்ணியிருந்தால் அதுவும் இயல்பே. ஜான்சன் தம் உடனூழியர் வில்லியம் சைடெமனுடன் சேர்ந்து மாதிரிகள் செய்தார். ஸ்டாண்டன் பால்மர், நியூட்டன் டார்பிள் ஆகிய இருவர் அம்மாதிரிகளைத் துணியில் பரப்பி, பட்டறை பட்டறையாகக் காட்டி முன்பதிவு திரட்டினர். 1920 ஆம் ஆண்டில் ஸ்னாப் ஆன் என்னும் நிறுவனம் பிறந்தது. 'ஐந்து ஐம்பதின் வேலை செய்யும்' என்பதே அதன் விளம்பர வாசகம்.

இங்கே பழைய பகை மீண்டும் தலைகாட்டுகிறது. ராச்சட் பிடியின் முனையில் சதுரக் கட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். சாக்கெட்டின் மேல்வாயில் அதற்கேற்ற சதுரத் துளை இருக்கும். கால் அங்குலம், எட்டில் மூன்று அங்குலம், அரை அங்குலம் என அச்சதுரத்துக்கு அளவுகள் உண்டு. சாக்கெட் நழுவி விழாதிருக்க, சதுரக் கட்டையின் ஒரு பக்கத்தில் சிறு துளையிட்டு, அதனுள் சுருள்வில்லும் எஃகுக் குண்டும் வைத்தனர். குண்டு பாதி வெளியே துருத்தி நிற்கும். சாக்கெட்டின் உட்சுவரிலுள்ள குழியில் சென்று அமரும். எளிய ஏற்பாடு. ஆனால் வில் எவ்வளவு வலுவாக இருக்கவேண்டும்? வலுக் குறைந்தால் சாக்கெட் இயந்திரத்தின் இடுக்கில் விழும். அதைத் துழாவி எடுக்க அரைமணி நேரம் ஆகும். வலு மிகுந்தால், எண்ணெய் படிந்த கையால் சாக்கெட்டைப் பிடுங்க இயலாது. ஒரு கையில் பிடியையும் மறுகையில் சாக்கெட்டையும் பற்றி இழுக்கவேண்டும், விரல் வழுக்கும், சூடான இயந்திரத்தின் மேல் கை மோதும். சிறு சாக்கெட் என்றால் விரலுக்குப் பிடிமானமே இராது. வண்டியின் அடியில் மல்லாந்து கிடப்பவருக்கு இரண்டாவது கை எப்பொழுதும் ஓய்வாக இருப்பதில்லை. நாற்பதாண்டுக் காலம் மெக்கானிக்குகள் இத்தொல்லையைப் பொறுத்துக்கொண்டனர். பொறுத்துக்கொள்ளப்படும் தொல்லை தொல்லையாகவே கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதைத் தொல்லையாகக் கண்டவர் பீட்டர் ராபர்ட்ஸ். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கார்ட்னர் என்னும் ஊரில், சியர்ஸ் நிறுவனத்தின் கடையில் விற்பனை ஊழியராக வேலை செய்தவர். 1963 ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், ஓய்வு நேரத்தில் அவர் இச்சிக்கலை எடுத்துக்கொண்டார். பொறியியல் கல்லூரி எதுவும் அவரை உருவாக்கவில்லை.

அவர் கண்ட தீர்வின் நுட்பத்தை மாணவர்கள் ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம். குண்டுக்குப் பின்னால் இருந்த வில்லை அவர் நீக்கினார். சதுரக் கட்டையின் நடுவே நீளவாக்கில் ஒரு துளை. அதனுள் மேலும் கீழும் நகரும் ஊசி. ஊசியின் மேல்முனை ராச்சட் தலையின் முதுகில் பொத்தானாக வெளியே நிற்கிறது. ஊசியின் உடல் ஓரிடத்தில் முழுப்பருமனாகவும் மற்றோரிடத்தில் குழிந்தும் இருக்கிறது. வில் ஊசியை மேல்நோக்கித் தள்ளி வைத்திருக்கும்பொழுது முழுப்பருமன் பகுதி குண்டின் பின்னால் நிற்கிறது. குண்டு பின்வாங்க வழியில்லை, சாக்கெட் பூட்டப்பட்டுவிட்டது. கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால் குழிந்த பகுதி குண்டின் பின்னால் வருகிறது. குண்டு அக்குழிக்குள் ஒதுங்குகிறது. சாக்கெட் தன் எடையாலேயே கீழே விழுகிறது. பிடியைப் பற்றியிருக்கும் அதே கையின் கட்டைவிரல் இதனைச் செய்துவிடும். மறுகை தேவையில்லை.

இதன் சிறப்பு விரைவு மட்டுமன்று. முன்பு ஒரே வில்லின் வலுவே பிடிப்பதற்கும் விடுவதற்கும் பொறுப்பாக இருந்தது. அதனால் இரண்டும் அரைகுறையாக நடந்தன. ராபர்ட்ஸ் அவ்விரு வேலைகளையும் பிரித்துவிட்டார். பிடிக்கும்போது முழுப்பிடிப்பு, விடும்போது முழுவிடுதலை. மான்கொம்புத் துண்டைக் கோடரியில் பொருத்தியவர்களும் பெலியோங் பின்னியவர்களும் இதைக் கண்டால் தம் இனத்தவர் என்று அவரை வரவேற்றிருப்பர்.

1964 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் மாதிரிக் கருவியைக் கடை மேலாளரிடம் காட்டினார். ஊழியரின் ஆலோசனையாக அது சியர்ஸ் தலைமை நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. காப்புரிமைக்கும் அவர் விண்ணப்பித்தார். பின்னர் அவ்வேலையை விட்டு டென்னசி மாநிலத்துக்குச் சென்றார். நிறுவனம் கருவியைச் சோதித்துப் பார்த்தது. அது மெக்கானிக்குகளுக்குப் பயன்படும் என்றும், ஒவ்வொரு பிடிக்கும் கூடுதல் செலவு ஏறத்தாழ 20 காசுதான் என்றும் நிறுவனம் அறிந்திருந்தது. ஆனால் ராபர்ட்ஸிடம் சொல்லப்பட்டது வேறு. அக்கண்டுபிடிப்பு அப்படியொன்றும் புதியதன்று. செலவு 40, 50 காசு ஆகும். வணிகத்தில் அதன் மதிப்புச் சிறிது. பிடி ஒன்றுக்கு 2 காசு வீதம், உச்ச அளவாகப் பத்தாயிரம் டாலர் தருவதாகப் பேசினர். 1965 ஆம் ஆண்டு ஜூலையில் அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு உரிமையை விட்டுக்கொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28 ஆம் நாள் காப்புரிமை வழங்கப்பட்டது.

பத்தாயிரம் டாலரை 2 காசால் வகுத்தால் ஐந்து இலட்சம் பிடிகள் வரும். அந்த ஐந்து இலட்சமும் ஒன்பது மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. ராபர்ட்ஸின் பங்கும் அத்தோடு தீர்ந்தது. ஆனால் விற்பனை தீரவில்லை. 1975 ஆம் ஆண்டுவரை ஒரு கோடியே 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிடிகள் விற்கப்பட்டன. அவற்றால் கிடைத்த ஆதாயம் 4 கோடியே 40 இலட்சம் டாலர் என்பது வழக்கில் வெளிவந்த கணக்கு. 2 காசு என்னும் அற்பக் கூலியையே உச்சவரம்பின்றி ஒப்புக்கொண்டிருந்தாலும் அவருக்கு மூன்று இலட்சத்து எண்பதாயிரம் டாலர் சேர்ந்திருக்கும்.

தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்த ராபர்ட்ஸ் 1969 ஆம் ஆண்டின் இறுதியில் வழக்குத் தொடுத்தார். சிகாகோவிலுள்ள கூட்டரசு நீதிமன்றத்தில் அவ்வழக்கு ஏழாண்டுகள் காத்திருந்தது. 1977 ஆம் ஆண்டு ஜனவரியில் ஜூரியினர் ராபர்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்து, பத்து இலட்சம் டாலர் வழங்கக் கட்டளையிட்டனர். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. ஒப்பந்தம் செய்தபோது ராபர்ட்ஸுக்குத் தம் சார்பில் வழக்கறிஞர் இருந்தாரே, விற்பவரும் வாங்குபவரும் அவரவர் நலத்தை அவரவரே காத்துக்கொள்ள வேண்டாமா என்பது அதன் வாதத்தின் சாரம். சந்தை நெறிப்படி அது முற்றிலும் பொருளற்ற வாதமன்று. ஆனால் ஒருவர் இளம் கடை ஊழியர். மற்றவர் அவருக்கு வேலை கொடுத்த பெருநிறுவனம். அந்த ஊழியர் நம்பிக்கையோடு ஒப்படைத்த பொருளைப் பற்றி, தனக்குத் தெரிந்த உண்மையை மறைத்து வேறொன்றைச் சொல்வது வணிகத் திறமையில் அடங்காது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1978 ஆம் ஆண்டில் ஜூரியின் தீர்ப்பை உறுதிசெய்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் படிப்போருக்கு நிறைவாக இருந்திருக்கும். அது முடியவில்லை. பின்னர் நடந்த வழக்குகளின் வழியே காப்புரிமை ராபர்ட்ஸின் கைக்கு மீண்டது. உடனே அதை மீறியதற்காக நிறுவனத்தின்மேல் புதிய வழக்கு எழுந்தது. 1982 ஆம் ஆண்டில் ஜூரியினர் 50 இலட்சம் டாலர் வழங்கினர். மீறல் அறிந்தே செய்யப்பட்டது என்பதால் நீதிபதி அத்தொகையை 82 இலட்சமாக உயர்த்தினார். அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அத்தீர்ப்பைத் தள்ளி, மீண்டும் விசாரிக்கப் பணித்தது.

அந்த அமர்வின் முன் நின்ற வினா, பொன்னும் பொருளும் சார்ந்த வினாக்களைவிட ஆழமானது. குண்டு பழையது. வில் பழையது. ஊசியும் பொத்தானும் பழையவை. பழையவற்றை ஒன்றுசேர்த்ததைப் புதிய கண்டுபிடிப்பு எனலாமா? அத்துறையில் சாதாரணத் தேர்ச்சி பெற்ற எவருக்கும் அது எளிதில் தோன்றியிருக்குமா? அப்படித் தோன்றியிருக்கும் என்றால் சட்டப்படி அதற்குக் காப்புரிமை இல்லை. முதல் விசாரணையில் இவ்வினா ஜூரியினருக்குச் சரியாக எடுத்து விளக்கப்படவில்லை என்பது மேல்முறையீட்டு நீதிபதிகளின் முடிவு. சட்டத்தின் கவலையிலும் நியாயம் உண்டு. எளிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தனியுரிமை அளித்தால், பட்டறையில் வேலை செய்வோர் ஒவ்வொரு திருகுக்கும் யாருக்கோ கப்பம் கட்டவேண்டிவரும்.

ஆயினும் மறுபக்கத்தையும் எண்ணவேண்டும். தீர்வைப் பார்த்தபின் அது எளியதாகத் தோன்றுவது எல்லா நல்ல தீர்வுகளுக்கும் உரிய இயல்பு. கணக்கின் விடையைக் கரும்பலகையில் எழுதியபின், 'இவ்வளவுதானா' என்று கேட்காத மாணவர் யார்? குண்டும் வில்லும் ஊசியும் நாற்பதாண்டுக் காலம் ஒவ்வொரு கருவித் தொழிற்சாலையிலும் கிடந்தன. தேர்ந்த பொறியாளர் பலர் அவற்றை நாள்தோறும் கையாண்டனர். அவர்களுக்குத் தோன்றாத ஒன்று கார்ட்னர் ஊர்க் கடை ஊழியருக்குத் தோன்றியது. அது எவருக்கும் தோன்றத்தக்கதே என்று பின்னர் கூறுவது எளிது. அன்றியும், அது மதிப்பற்றது என்று ராபர்ட்ஸிடம் கூறிய அதே நிறுவனம்தான் அதை ஒரு கோடியே 90 இலட்சம் முறை விற்றது.

அந்த மறுவிசாரணை ஒரு முடிவான தீர்ப்பில் சென்று முடியவில்லை. 1989 ஆம் ஆண்டில் இருதரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டன. வழக்குத் தொடுத்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினெட்டு வயதில் கண்டுபிடித்தவருக்கு அப்போது நாற்பது வயது கடந்திருந்தது.

அமெரிக்கச் சட்டப்படி அக்காலத்தில் காப்புரிமை வழங்கப்பட்ட நாளிலிருந்து பதினேழு ஆண்டுகளே அதற்கு உயிர் இருந்தது. ராபர்ட்ஸின் காப்புரிமை 1982 ஆம் ஆண்டு செப்டம்பரில் காலாவதியாயிற்று. அதன்பின் எந்த நாட்டில் எவர் வேண்டுமானாலும் அந்தப் பொத்தானை வைத்து ராச்சட் செய்யலாம் என்றாயிற்று, செய்தனர். வானூர்திகளைப் பழுதுபார்க்கும் கூடங்களில் ஒரு சிறு சாக்கெட் காணாமற்போனாலும் அது கிடைக்கும்வரை வானூர்தியைப் பறக்கவிடமாட்டார்கள். அங்கே, தானே கழன்று விழாத பிடி உயிர் காக்கும் பொருள்.

ஈப்போவிலோ கிள்ளானிலோ தெருமுனைப் பட்டறையில் வண்டியின் அடியில் படுத்திருக்கும் இளைஞர், பத்து மில்லிமீட்டர்ச் சாக்கெட்டை எடுத்துவிட்டுப் பன்னிரண்டை மாட்டவேண்டியிருக்கும்போது கருவியைக் கண்ணால் பார்ப்பதில்லை. இடக்கை ஒரு குழாயைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. வலக்கைக் கட்டைவிரல் ராச்சட்டின் முதுகைத் தடவிப் பொத்தானைத் தேடி அழுத்துகிறது. சாக்கெட் மார்பின்மேல் விழுகிறது.